முதல் வரியை எழுதுவது யார்? ‘நம்பகமான கணினி’ என்கிற சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

1

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. சில வாரங்கள் கழித்து நண்பர் ஒருவர் ஃபோன் பண்ணினார். சிறிய மனித உரிமை அமைப்பு ஒன்றின் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்பவர். “தோழர், நம்ம ஆபீஸ்ல இருக்கிற மூணு லேப்டாப்பையும் தூக்கிப் போட்டுடணும்ங்கறான் கடைக்காரன். உள்ள ஏதோ செக்யூரிட்டி சிப் இல்லியாம். அது இருந்தாத்தான் புது விண்டோஸ் ஏறுமாம். அந்தச் சிப் மட்டும் இருந்துட்டா எவனும் நம்ம மெஷின்ல கை வைக்க முடியாதாமே, நெசமா?”

இந்தப் பேச்சில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. ஒன்று, சிப் இல்லாத எந்திரம் இனி எந்திரமே இல்லை. இரண்டு, சிப் உள்ள எந்திரத்தில் எவனும் கை வைக்க முடியாது. முதலாவது ஒரு விலக்கம். இரண்டாவது ஒரு வாக்குறுதி. விலக்கமும் வாக்குறுதியும் ஒரே வாயிலிருந்து வரும்போது அங்கே அதிகாரம் பேசுகிறது என்று சந்தேகப்படுவது நம்முடைய பழக்கம். அந்தச் சந்தேகத்தோடுதான் நான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்குச் சர்க்யூட் தெரியாது. சால்டரிங் கம்பியைக் கையால் தொட்டது கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர் என்பது அடிப்படையில் எழுதப்பட்ட ஒன்று. யாரோ எழுதிய வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துத்தான் அது எழுந்து நிற்கிறது. பிரதியில் இடைச்செருகல் உண்டா, மூலபாடம் எது, அதைத் தீர்மானிக்கிறவர் யார் என்பவையெல்லாம் நம் பாடத்திட்டத்துக் கேள்விகள்தாம். பொறியாளர்கள் மட்டும் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட இதில் நியாயம் எதுவுமில்லை.

2

முதலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பொத்தானை அழுத்தியதும் பிராசசர் விழிக்கிறது. அந்த நேரத்தில் விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. நினைவகம்கூட இன்னும் தயாராகவில்லை. தாய்ப்பலகையில் சில மெகாபைட் அளவுள்ள ஒரு சிறு ஃபிளாஷ் சிப் இருக்கிறது. அதில் எழுதி வைத்திருப்பதுதான் ஃபெர்ம்வேர். பழைய ஆட்கள் பயாஸ் என்பார்கள். பிராசசர் படிக்கிற முதல் வரி அங்கேதான் இருக்கிறது. ஃபெர்ம்வேர் நினைவகத்தை எழுப்புகிறது, திரையை எழுப்புகிறது, வட்டைத் தேடிப் பிடிக்கிறது, பிறகு அங்குள்ள பூட்லோடரிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. பூட்லோடர் கெர்னலிடம். தொடரோட்டத்தில் கோலைக் கைமாற்றுவது மாதிரி.

இந்தக் கைமாற்றத்தின் நடுவே ஒருவர் புகுந்து ஒரு துண்டை மாற்றி எழுதிவிட்டால் அதற்கு மேலுள்ள அத்தனையும் பொய்யாகிவிடும். வட்டு முழுவதையும் சங்கேதமாக்கி வைத்திருந்தாலும் சரி, பாஸ்வேர்டு கேட்கிற அந்தத் திரையே போலியாக இருக்கலாம். 2009இல் போலந்துப் பாதுகாப்பு ஆய்வாளர் யோவான்னா ருட்கோவ்ஸ்கா இந்தத் தாக்குதலுக்கு ஒரு பெயர் வைத்தார்: ‘தீய பணிப்பெண்’. ஓட்டல் அறையில் லேப்டாப்பை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். திரும்பி வருவதற்குள் எவரோ வேலையை முடித்துவிடுகிறார். பெயர் நிலைத்துவிட்டது. அறையைப் பெருக்கும் பெண்ணின் தலையில் பழியைப் போடுகிற பெயர் இது என்பதைக் குறித்துக்கொள்வோம். விமான நிலையத்திலும் சோதனைச் சாவடியிலும் எந்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் பணிப்பெண்கள் அல்லர்.

இந்த இடத்தில்தான் பாதுகாப்புச் சிப் வருகிறது. டிரஸ்டட் பிளாட்ஃபார்ம் மாட்யூல், சுருக்கமாக டிபிஎம். கணினியின் பிற பகுதிகளிலிருந்து ஒதுங்கி நிற்கிற ஒரு சிறு சிப். இப்போது பல எந்திரங்களில் பிராசசருக்குள்ளேயே ஒரு பகுதியாகவும் இருக்கிறது. அதற்குள் 24 பதிவேடுகள். இவற்றில் நினைத்ததை எழுத முடியாது. நீட்டிக்க மட்டும்தான் முடியும். அடுத்து ஓடப்போகும் நிரல்துண்டின் ஹாஷைக் கணக்கிட்டுச் சிப்புக்கு அனுப்ப வேண்டும். ஹாஷ் என்பது அந்தத் துண்டின் கைரேகை மாதிரி. சிப் தன்னிடம் ஏற்கெனவே உள்ள மதிப்பையும் புதிதாக வந்ததையும் ஒட்டவைத்து மறுபடி ஹாஷ் போட்டு, அதைப் புதிய மதிப்பாக வைத்துக்கொள்கிறது.

தமிழ் படித்தவருக்கு இது உடனே பிடிபடும். அந்தாதி! முந்தைய பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கத்தில் இருந்தாக வேண்டும். நடுவில் ஒரு பாட்டைச் செருகினாலோ உருவினாலோ தொடை அறுந்துவிடும். சுவடிகளில் இடைச்செருகலைப் பிடிக்க அந்தாதித் தொடை எப்படி உதவுமோ, அப்படித்தான் இந்தப் பதிவேடும். கடைசி மதிப்பு நேற்றைப் போலவே இருந்தால் நடுவில் எவரும் கை வைக்கவில்லை. மாறியிருந்தால் எங்கோ ஒரு வரி மாறிவிட்டது. ரகசியம் ஒன்றை இந்த மதிப்போடு சேர்த்து முத்திரையிட்டும் வைக்கலாம். மதிப்பு பொருந்தினால்தான் சிப் அதைத் திருப்பித் தரும்.

இதுவரை நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிப் தானாக எதையும் பார்ப்பதில்லை. பிராசசர் என்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது. அது ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது, சொன்னால் கேட்டுக்கொள்ளும். ‘தொடங்கு’ என்ற முதல் கட்டளையைக்கூட ஃபெர்ம்வேர்தான் அனுப்ப வேண்டும். ஃபெர்ம்வேரில் அதற்கான வரிகள் இல்லையென்றால் உயர்ந்த ரகச் சிப்பும் வெறும் சிலிக்கான் துண்டு. ஃபெர்ம்வேர் பொய் சொன்னால்? அந்தப் பொய்யையும் அது அதே சிரத்தையோடு பதிந்து வைக்கும்.

ஆக, ‘சிப் இருக்கிறதா?’ என்பது தவறான கேள்வி. சிப்பிடம் பேசுவது யார் என்பதுதான் கேள்வி.

3

தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பிரிக்கும். வழிநூல் முதல்நூலின் வழியே வருவது. அதனால் அதை முதல்நூலோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம். முதல்நூலை எதனோடு ஒப்பிடுவது? அதற்கு மேலே எதுவும் கிடையாது. எனவே அதைச் செய்தவன் குற்றமற்ற அறிவுடையவன் என்று வரையறையிலேயே வைத்துவிடுகிறார்கள். அது நிரூபிக்கப்பட்ட உண்மையல்ல. அமைப்பு நிற்க வேண்டும் என்பதற்காக வைத்துக்கொண்ட ஒரு எடுகோள்.

டிபிஎம்மின் தர வரையறைகளை எழுதுகிற டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப்பின் கலைச்சொல் விளக்கத்தைப் படித்தபோது எனக்கு மரபியல்தான் ஞாபகத்துக்கு வந்தது. ‘நம்பிக்கையின் வேர்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். எதிர்பார்த்தபடியே எப்போதும் நடந்தாக வேண்டிய பகுதி அது. ஏனென்றால் அது தவறாக நடந்தால் கண்டுபிடிக்க வழியில்லை. அவர்கள் தரும் பொருள் இதுதான். எவ்வளவு வெளிப்படையான வாக்குமூலம் பாருங்கள். நல்லது என்பதால் நம்பவில்லை. சோதிக்க முடியாது என்பதால் நம்பித்தான் ஆக வேண்டும்.

இங்கே ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘டிரஸ்டட்’ என்பதை நாம் ‘நம்பகமான’ என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். தவறு. அது செயப்பாட்டுவினை, ‘நம்பப்படுகிற’ என்பதுதான் பொருள். நம்பத்தக்கது வேறு, நம்பப்படுவது வேறு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் (2024இல் மறைந்தார்) இந்த வேறுபாட்டை வலியுறுத்தியவர்களில் ஒருவர். நம்பப்படுகிற அமைப்பு என்றால், அது கெட்டால் உங்கள் பாதுகாப்பும் கெட்டுவிடும் என்று பொருள். அது கெடாது என்று பொருளில்லை. செயப்பாட்டுவினையின் வசதி நமக்குத் தெரிந்ததுதான்: வினைமுதலை மறைத்துவிடலாம். ‘நம்பப்படுகிறது’ என்று எழுதிவிட்டால் போதும். யாரால், யாரை, எதற்காக என்பதெல்லாம் வாக்கியத்தைவிட்டு வெளியேறிவிடும்.

4

மறைந்துபோன அந்த வினைமுதலைத் தேடிப் போனால் 1999க்குப் போக வேண்டும். காம்பேக், எச்பி, ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. 2003இல் அதன் இடத்தில் டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் வந்தது. நடுவே 2002இல் மைக்ரோசாஃப்ட் ‘பல்லேடியம்’ என்றொரு திட்டத்தை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது, சில மாதங்களிலேயே பெயரை மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை ‘துரோகக் கணிப்பு’ என்று அழைத்தார். ஆண்டர்சன் கேள்வி-பதில் வடிவில் ஒரு விமர்சனம் எழுதினார். இருவருடைய அச்சமும் ஏறத்தாழ ஒன்றுதான்: இந்தச் சிப் உரிமையாளருக்காக எந்திரத்தைக் காக்காது, உரிமையாளரிடமிருந்து எந்திரத்தைக் காக்கும். எந்தப் பாட்டைக் கேட்கலாம், எந்தக் கோப்பைத் திறக்கலாம், எந்த நிரலை ஓட்டலாம் என்பதைத் தொலைவிலுள்ள ஒருவர் சிப்பிடம் சான்று கேட்டுத் தீர்மானிப்பார்.

அந்த அச்சம் அப்படியே பலித்ததா? முழுசாக இல்லை. மேசைக் கணினியில் இன்றும் நமக்குப் பிடித்த லினக்ஸைப் போட்டுக்கொள்ள முடிகிறது. ஆனால் பொய்த்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஃபோனில் இயங்குதளத்தை மாற்றியவர்களுக்குத் தெரியும்: ‘உங்கள் சாதனம் பாதுகாப்பற்றது’ என்று சொல்லி வங்கிச் செயலிகள் பல திறக்கவே மறுக்கும். 2021இல் ‘வேலரன்ட்’ என்கிற விளையாட்டு, விண்டோஸ் 11 எந்திரங்களில் டிபிஎம் 2.0 இயங்கினால்தான் ஆடவிடுவேன் என்றது. அதே 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 இல்லாத எந்திரத்தைத் தன் தகுதிப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. ஆளைத் தடுக்கச் சட்டம் வேண்டியதில்லை. தகுதி ஒன்றை நிர்ணயித்தால் போதும்.

நண்பருக்குச் சொன்ன முதல் பதில் இங்கிருந்து வந்தது. “சிப் இல்லேன்னா விண்டோஸ் 11 ஏறாது, அவ்வளவுதான். எந்திரம் செத்துப் போச்சுன்னு அர்த்தமில்ல. லினக்ஸ் போடுங்க, இன்னும் சில வருஷம் ஓடும். தூக்கிப் போடாதீங்க.” மூன்றில் இரண்டு இப்போது அப்படித்தான் ஓடுகின்றன.

5

ஸ்டால்மனோடு நான் பாதி தூரம்தான் வர முடிகிறது. சிப் என்றாலே அடிமைத்தனம் என்று ஒதுக்குவதில் ஒரு அவசரம் இருக்கிறது. துவக்கத்தைப் பாதுகாப்பதில் இரண்டு வேறுபட்ட முறைகள் உண்டு. ஒரே பெயரில் பேசப்படுவதால் இவற்றின் அரசியலும் ஒன்றுபோலத் தோன்றிவிடுகிறது.

ஒன்று, சரிபார்த்துத் துவங்குவது. அடுத்த துண்டில் உரிய கையெழுத்து இருக்கிறதா என்று ஃபெர்ம்வேர் பார்க்கும், இல்லையென்றால் நிறுத்திவிடும். இவன் காவலாளி. மற்றது, அளந்து துவங்குவது. எதையும் நிறுத்துவதில்லை, எது ஓடியது என்று சிப்பில் பதிந்துகொண்டே போகும். இவள் சாட்சி. காவலாளி யாரை உள்ளே விடலாம் என்று முடிவெடுக்கிறான். சாட்சி முடிவெடுப்பதில்லை, நடந்ததைச் சொல்கிறாள். முடிவு கேட்பவர் கையில். டிபிஎம் தன்னளவில் ஒரு சாட்சிதான்.

காவலாளிகளிலும் வேறுபாடு உண்டு. கூகுளின் குரோம்புக்குகள் 2011இல் விற்பனைக்கு வந்தன. பிற்பாடு அவற்றில் பயன்படுத்தப்பட்ட ஃபெர்ம்வேர் ‘கோர்பூட்’. 1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிக் ‘லினக்ஸ்பயாஸ்’ என்ற பெயரில் தொடங்கி, 2008இல் பெயர் மாறிய சுதந்திர மென்பொருள் அது. குரோம்புக்கில் கூகுளின் சாவியை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். ஆனால் ஆரம்பகாலக் குரோம்புக்குகள் பலவற்றில் உள்ளே ஒரு திருகாணி இருந்தது. அதைக் கழற்றினால் ஃபெர்ம்வேரின் பூட்டு விலகும். உங்கள் சொந்த முதல் வரியை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

இன்டெல் 2013 வாக்கில் கொண்டுவந்த ‘பூட் கார்டு’ வேறு ரகம். லேப்டாப் தயாரிப்பாளர் தன் சாவியின் ஹாஷை எந்திரத்தின் சிலிக்கானிலேயே ஃபியூஸாக எரித்துவிடலாம். ஒரு முறை எரித்தால் எரித்ததுதான். முதல் வரியில் அந்தத் தயாரிப்பாளரின் கையெழுத்து இல்லையென்றால் பிராசசர் அதை ஓட்டாது. நீங்கள் காசு கொடுத்து வாங்கியவர் என்பது ஃபியூஸுக்குத் தெரியாது.

திருகாணிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில்தான் இந்த விவாதத்தின் முழு அரசியலும் இருக்கிறது என்பேன். திருகாணி சொல்வது: பொதுவாகப் பூட்டியிருக்கும், உரிமையாளர் வேண்டுமானால் மெனக்கெட்டுத் திறந்துகொள்ளலாம். ஃபியூஸ் சொல்வது: உரிமையாளர் என்று ஒருவர் இல்லை, பயனர்தான் உண்டு. ஃபியூஸ் முறை தயாரிப்பாளரையே காப்பாற்றவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. 2023இல் எம்எஸ்ஐ நிறுவனத்தில் நடந்த தரவுத் திருட்டில் பூட் கார்டின் ரகசியச் சாவிகளும் வெளியே வந்துவிட்டன. சாவி களவு போனால் பூட்டை மாற்றுவது உலக வழக்கம். எரித்த ஃபியூஸை எப்படி மாற்றுவது?

6

சாட்சியை உரிமையாளருக்காகப் பேசவைக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். டிரம்மல் ஹட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2016 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் ‘ஹெட்ஸ்’ என்ற திட்டத்தை விளக்கினார். கோர்பூட்டை எடுத்துக்கொண்டு, முதல் வரிகளிலிருந்தே ஒவ்வொரு துண்டையும் டிபிஎம்மில் அளந்து பதியும்படி திருத்தினார். பிறகு ஒரு ரகசியத்தைச் சிப்பில் முத்திரையிட்டு, அதே ரகசியத்தை உங்கள் ஃபோனிலும் வைத்துவிடுகிறார். எந்திரம் துவங்கும்போது, எல்லா அளவும் பழையபடி இருந்தால் மட்டும், சிப் அந்த ரகசியத்தைத் தரும். அதிலிருந்து ஒரு ஆறு இலக்க எண் திரையில் வரும். ஃபோனிலும் அதே நேரம் ஓர் எண். 30 விநாடிக்கு ஒரு முறை மாறும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சிப்பில் பதிவான அளவுகள் மாறவில்லை என்று பொருள். இந்த எண் உத்தியை மேத்யூ காரெட் என்பவர் 2015இலேயே உருவாக்கியிருந்தார். ஹட்சன் அதை முதல் வரிவரை கொண்டுபோனார்.

என்னிடம் இருப்பது பழைய திங்க்பேட் எக்ஸ்230, 2012ஆம் ஆண்டு மாடல். டிபிஎம் 1.2தான், விண்டோஸ் 11 இதைத் திரும்பியும் பார்க்காது. எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த தோழர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இதில் ஹெட்ஸ் போட்டுக்கொடுத்தார். விசைப்பலகையையும் அதன் முன்னுள்ள கைத்தாங்கியையும் கழற்றி, ஃபிளாஷ் சிப்பின் எட்டுக் கால்களில் ஒரு கிளிப்பை மாட்டி எழுத வேண்டும். இரண்டு ஃபிளாஷ் சிப்புகள், 8 மெகாபைட், 4 மெகாபைட். எனக்குக் கை நடுங்கியது, டார்ச் அடிக்கும் வேலை மட்டும் பார்த்தேன்.

இப்போது தினமும் காலையில் நான் ஃபோனை எடுத்து இரண்டு எண்களையும் ஒப்பிடுகிறேன். அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில் வருகிற போலீஸ்காரர் தெருவில் ‘ஏய், உன்னைத்தான்!’ என்று கூப்பிடுவார். திரும்பிப் பார்த்த கணத்தில் ஒருவர் தன்னிலையாக்கப்படுகிறார். கணினி நம்மை அப்படித்தான் தினமும் கூப்பிடுகிறது: நீ யார், பாஸ்வேர்டு சொல், விரலை வை, முகத்தைக் காட்டு. நான் பார்த்த அளவில் ஹெட்ஸில்தான் இந்த விளிப்பு தலைகீழாகிறது. நான் கேட்கிறேன்: ‘நீ யார்?’ எந்திரம் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சரியாக இருந்தால்தான் நான் பாஸ்வேர்டு தருவேன். ஐந்து நிறுவனங்கள் தொடங்கிவைத்த அதே கட்டமைப்பு, அதே சிப். முதல் வரியை எழுதிய கை மாறியது. சிப் பேசுகிற திசையும் மாறியது.

இதைக் கொண்டாடி முடித்துவிட முடியாது. டார்ச் அடிக்கிற அளவில் நிற்கிற என்னைப் போன்றவனுக்கு ஒரு தோழர் கிடைத்தார். கிடைக்காதவர் என்ன செய்வார்? ஜெர்மனியின் நைட்ரோகீ, அமெரிக்காவின் பியூரிசம் போன்ற நிறுவனங்கள் இதை ஏற்கெனவே போட்டு விற்கின்றன. இறக்குமதி செய்து வாங்குகிற வசதி நம்மில் எத்தனை பேருக்கு? பூட் கார்டு ஃபியூஸ் எரிக்கப்பட்ட புதிய எந்திரங்களில் இந்த வேலையைச் செய்வது மிகக் கடினம். அதனால்தான் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய எந்திரங்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அதிலும் இன்டெல்லின் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்கிற மூடிய பகுதி உள்ளே இருக்கத்தான் செய்கிறது. வேரை நம் கைக்குக் கொண்டுவந்தோம் என்பது உண்மை. வேருக்குக் கீழே இன்னும் கொஞ்சம் அவர்கள் மண் இருக்கிறது என்பதும் உண்மை.

7

நண்பரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சிப் இருந்தால் எவனும் கை வைக்க முடியாதா?

பீமா கோரேகாவ் வழக்கை நாம் மறந்திருக்க முடியாது. ரோனா வில்சனின் மடிக்கணினியைப் புனே போலீஸார் 2018 ஏப்ரலில் கைப்பற்றினார்கள். குற்றம்சாட்டப்பட்டோர் தரப்பு வழக்கறிஞர்களுக்காக அதன் மின்னணு நகலை ஆராய்ந்த அமெரிக்காவின் அர்செனல் கன்சல்டிங் நிறுவனத்தின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியானது. மின்னஞ்சல் வழியே நுழைந்த ‘நெட்வயர்’ என்ற நிரலைக் கொண்டு 22 மாதங்களுக்கு மேலாக ஒருவர் அந்தக் கணினியைக் கட்டுப்படுத்தினார், ஆவணங்களை உள்ளே வைத்தார் என்கிறது அந்த அறிக்கை. திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி 2021 ஜூலை 5 அன்று, காவலில் இருக்கும்போதே, மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவருடைய கணினியைப் பற்றியும் இதே நிறுவனம் இப்படியொரு முடிவைத்தான் சொன்னது. அந்தச் செய்தி 2022 டிசம்பரில் வெளிவந்தது. தேசியப் புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தக் கணினிகளில் அளந்து துவங்கும் ஃபெர்ம்வேரும் டிபிஎம்மும் இருந்திருந்தால் இது தடுக்கப்பட்டிருக்குமா? இருக்காது. மின்னஞ்சலில் வந்த கோப்பைத் திறந்தது துவக்கத்துக்கு வெகுநேரம் பின்னால். ஃபெர்ம்வேர், பூட்லோடர், கெர்னல் எல்லாம் மாறாமல் இருந்திருக்கும். பதிவேடுகளும் சரியாகவே இருந்திருக்கும். தொடக்கத்தில் நடந்ததற்குத்தான் சிப் சாட்சி. ‘சிப் இருக்கு, பயமில்ல’ என்று நம் அமைப்புகளில் எவராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

தொடக்கத்திலும்கூட அது எப்போதும் சரியான சாட்சியல்ல. இன்ஃபினியான் நிறுவனத்தின் சிப்புகளில் சாவி உருவாக்கும் முறையில் ஒரு பிழை இருந்ததை, செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தவர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். பல டிபிஎம்களும் அதில் சிக்கின. எஸ்டோனியா அரசு சுமார் 7.5 லட்சம் அடையாள அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. 2024 பிப்ரவரியில் ஒருவர், பத்து டாலருக்கும் குறைவான ஒரு சிறு பலகையைத் தாய்ப்பலகையின் கம்பிகளில் தொடவைத்து, சிப்பிலிருந்து பிராசசருக்குப் போகும் பிட்லாக்கர் சாவியை 43 விநாடியில் பிடித்துக் காட்டினார். சிப் தனியாக உள்ள பழைய எந்திரம் அது. சாவி அந்த வழியில் மறைப்பே இல்லாமல் போகிறது. துவங்கும்போது பின் எண் ஒன்றையும் கேட்கும்படி வைத்திருந்தால் இந்தத் தாக்குதல் இவ்வளவு சுலபமாக நடக்காது. பிட்லாக்கர் வைத்திருக்கிற தோழர்கள் இதையாவது உடனே செய்துகொள்ள வேண்டும்.

8

ஒரு மறுப்பு எழலாம். உரிமையாளரே முதல் வரியை மாற்றலாம் என்றால் திருடனும் போலீசும் மாற்றலாம் அல்லவா? மாற்றலாம். ஆனால் திருகாணியைக் கழற்றி ஃபெர்ம்வேரை மாற்றினால், புதிய ஃபெர்ம்வேர் சிப்பிடம் பொய் சொல்லாதவரை, மறுநாள் காலை அந்த ஆறு இலக்க எண் பொருந்தாது. திறக்க முடிவதும், திறந்தால் தெரிந்துவிடுவதும் ஒரே எந்திரத்தில் சேர்ந்து இருக்க முடியும். எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காதவரையும் காவலாளி காப்பான் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். பெரும்பாலோர் பார்க்கமாட்டார்கள். சரி, காவலாளி இருக்கட்டும். அவனை வேலையைவிட்டு நிறுத்தும் உரிமை வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

எனவே விவாதத்துக்காகச் சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன். துவக்கத்தின் முதல் வரியிலிருந்து ஃபெர்ம்வேரின் மூலநிரல் வெளியிடப்பட வேண்டும். முதல் சாவியை மாற்றும் வழி, திருகாணி மாதிரி ஒன்று, உரிமையாளருக்கு இருக்க வேண்டும். சிப்பின் சாட்சியம் முதலில் உரிமையாளருக்கு. தொலைவிலிருந்து கேட்பவருக்குத் தர மறுத்தால் அதற்காக அவரை எந்தச் சேவையிலிருந்தும் விலக்கக் கூடாது.

இவை அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பேசப்பட வேண்டியவை, நமக்கெதற்கு என்று ஒதுங்கவும் முடியாது. 2011 செப்டம்பரிலிருந்து தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்திருக்கிறது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கணினி என்று அறிவித்தது. இத்தனை லட்சம் எந்திரங்களை வாங்குகிற ஒருவர் விற்பவரிடம் நிபந்தனை போட முடியும். நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று கேட்கிற டெண்டரில் ‘முதல் வரியின் சாவி யாரிடம்?’ என்றும் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லி நாம் எழுதலாம், பேசலாம். திராவிடக் கட்சிகள் தந்த பொருளைப் பற்றி எவ்வளவோ விமர்சனம் எழுதியிருக்கிறோம். அந்தப் பொருளுக்குள் எழுதப்பட்டிருப்பதை நாம் இன்னும் வாசிக்கவில்லை.

நண்பரின் மூன்றாவது லேப்டாப் கொஞ்சம் புதிது. அதில் டிபிஎம் 2.0 இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஃபெர்ம்வேர் அமைப்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கடைக்காரர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. “அப்ப அதைப் போட்டுடலாமா?” என்று நண்பர் கேட்டார். போடலாம் என்றேன், பின் எண்ணோடு. “போட்டா அது யாருக்கு வேலை செய்யும்?” என்று அடுத்துக் கேட்டார். சரியான கேள்வியை அவர்தான் கேட்டார். இந்தக் கட்டுரை அவருக்கு நான் தர முயன்ற பதில்.